விமானம் குலுங்கும்போது நெஞ்சம் குலுங்காதிருக்க

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், கேகாலை மாவட்டத்தின் வாயிலென அமைந்திருப்பது வரக்காப்பொல. தலகுலி என்னும் எள்ளுருண்டைக்குப் பெயர் பெற்ற ஊர் என்றே வழிப்பயணிகள் பலர் அதனை அறிவர். சுற்றுப்புறத்து றப்பர்த் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கோ அவ்வூருக்கு வேறொரு பொருளும் உண்டு. வெளிநாடு செல்லும் மகளையோ மருமகனையோ வழியனுப்ப, வான் வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, குடும்பம் முழுவதும் கட்டுநாயக்க விமான நிலையத்தை நோக்கிப் புறப்படும் வழி அதுவேயாகும்.

அந்த வண்டியில் எத்தனையோ பேச்சு நடைபெறும். கடவுச்சீட்டு பத்திரமா, பணம் எங்கே, போய்ச் சேர்ந்ததும் யாரை அழைப்பது என்றெல்லாம் கேட்பார்கள். ஆயினும் எல்லோருடைய உள்ளத்திலும் இருக்கும் ஒரு வினாவை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. “ஆகாயத்திலே அது ஆடுமாமே, விழுந்துவிடாதா?” என்பதே அவ்வினா.

இவ்வச்சத்தை ஏளனம் செய்வது தகாது. படித்தவர்க்கும் பதவியிலுள்ளோர்க்கும், பலமுறை பறந்தவர்க்குங்கூட அது உண்டு. நிலத்தில் நடக்கப் பிறந்த மனிதன், காலுக்குக் கீழே தரையில்லாதபோது கலங்குவது இயற்கையன்றோ? ஆனால், அச்சத்தை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் வேறோர் இடத்தில் வைத்தால், அதனால் காப்பும் இல்லை, நிம்மதியும் இல்லை. காற்றின் குலுக்கம் இக்காலத்துப் பெரிய பிரயாணிகள் விமானத்தை வீழ்த்துவது அரிதினும் அரிது. குலுக்கத்தினால் தீங்குறுவோர் பெரும்பாலும் ஆசனப் பட்டியைப் பூட்டாதிருப்போரே. இவ்வொன்றைத் தெளிவாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் கடந்த கடல்

நம் முன்னோர் இத்தீவுக்கு வந்த வழியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். தென்னிந்தியக் கிராமங்களை விட்டு, நடந்தும் படகேறியும் கடல் கடந்து வந்தோர் அவர்கள். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிற்று. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வீசிய பெரும் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர், இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோரிற் பலர் அக்கடலைக் கண்ணீரோடு கடந்தனர். அலைக்கு அஞ்சாதவர் அவர்களுள் யார்? அஞ்சியும் கடந்தார்கள் என்பதே வரலாறு.

ஆகாய மார்க்கம் நம் நாட்டிற்கு நெடுநாட் பழக்கமுடையது. எயார் சிலோன் நிறுவனம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதலாவது சேவையை நடத்தியது. அன்று பறந்த டக்கோட்டா விமானங்களில் உள்ளறைக் காற்றழுத்தத்தைப் பேணும் வசதி கிடையாது. ஆதலால், ஏறத்தாழப் பத்தாயிரம் அடிக்கு மேல் அவை சாதாரணமாகப் பறப்பதில்லை. மேகமும் மழையும் கொந்தளிக்கும் அடுக்கிலேயே அவை செல்ல வேண்டியிருந்தது. இன்றைய ஜெட் விமானங்களோ முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் அடி உயரத்தில், பெரும்பாலான மேகங்களுக்கு மேலே பறக்கின்றன. முற்காலப் பிரயாணிகள் கண்ட குலுக்கத்தில் ஒரு பகுதியையே நாம் இன்று காண்கிறோம்.

காற்றுக்குழி என்று ஒன்று உண்டா?

விமானம் ‘காற்றுக்குழியில்’ விழுந்தது என்று சொல்வார்கள். காற்றில் குழி என்று ஒன்றில்லை. காற்றே இல்லாத வெற்றிடமும் வானவழியில் இல்லை. கேகாலை மாவட்டத்தின் மலைகளிலிருந்து இறங்கி வரும் மகா ஓயாவை மழைக்காலத்தில் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். பாறையின் மேல் ஏறி இறங்கும் நீர், பாறையைக் கடந்த பின்னரும் அலையலையாகச் செல்கின்றது. ஓரத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் ஓடும் நீர்கள் சந்திக்குமிடத்தில் சுழி உண்டாகின்றது. காற்றும் அவ்வாறே ஓடும் பொருள்தான். மலைத்தொடரின் மேல் வீசும்போது அது அலையாகின்றது. வேகம் வேறுபட்ட இரு காற்றோட்டங்கள் உரசும்போது சுழலாகின்றது. வெயிலால் நிலம் சூடேறும்போது நீராவி போல் மேலெழுகின்றது. இவற்றின் ஊடே செல்லும் விமானம், அலைமேற் செல்லும் ஓடம்போல் ஏறி இறங்குகின்றது.

இவற்றுள் நம் தீவினர் மிகுதியும் அறிந்தது இடிமேகமே. பருவக்காற்றுகள் மாறும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும், காலையில் தெளிந்திருக்கும் வானம் பிற்பகலில் கறுத்து இடிப்பதைக் கேகாலைப் பகுதியார் நன்கறிவர். றப்பர் மரத்தில் பால் வெட்டுவோர் அதிகாலையில் வானத்தைப் பார்த்தே வேலைக்கு இறங்குவர். சிரட்டையில் மழைநீர் விழுந்தால் அன்றைய பால் வீணாகிவிடுமல்லவா? அதுபோல் விமானியும் புறப்படுமுன் வழிநெடுகிலுமுள்ள வானிலையைப் படித்தறிகிறார். மழைமேகத்தைக் காட்டும் ராடார் கருவி விமானத்தின் மூக்கிலேயே இருக்கின்றது. வெப்ப மண்டலத்து இடிமேகங்கள் ஐம்பதாயிரம் அடிக்கு மேலும் வளரக்கூடியவை. அவற்றைத் தாண்டி மேலே செல்ல இயலாது, சுற்றியே செல்வார்கள். விமானம் வளைந்து செல்வதைக் காண்போர் வழி தவறியதென்று எண்ண வேண்டாம். அஃது அறிந்து விலகும் செயலாகும்.

ஆயினும், மேகமே இல்லாத நீல வானிலும் குலுக்கம் உண்டு. அதில் மழைத்துளி இல்லாமையால் ராடாருக்கு அது புலப்படாது. வட அத்திலாந்திக் வான்வழியில் இத்தகைய கடுங் குலுக்கம் 1979 முதல் 2020 வரையிலான காலத்தில் 55 சதவீதம் பெருகியிருப்பதாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2023ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அங்கே ஓரிடத்தில் ஆண்டொன்றுக்கு 17.7 மணி நேரமாயிருந்தது 27.4 மணி நேரமாகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பூமி வெப்பமடைந்து வருவதை இதற்குக் காரணமாகக் கூறுகின்றனர்.

நூற்றெழுபத்தெட்டு அடி

2024ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானமொன்று மியன்மார் வானில் கடுங் குலுக்கத்துக்கு உள்ளாயிற்று. பிரயாணிகள் 211 பேரும், பணியாளர் 18 பேரும் அதில் இருந்தனர். முதியவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். விமானம் பாங்கொக் நகரில் இறங்கியது. ஆறாயிரம் அடி கீழே விழுந்தது என்று அந்நாட்களில் பலரும் பேசிக்கொண்டனர்.

விசாரணையாளர் கருவிகளின் பதிவுகளைப் பார்த்து வெளியிட்ட முதற் குறிப்பு வேறு கதையைக் கூறிற்று. 37,362 அடி உயரத்திலிருந்து 37,184 அடிக்கு அவ்விமானம் இறங்கியிருந்தது. குலுக்கத்தின் உக்கிரமான 4.6 விநாடியில் இழந்தது 178 அடி மாத்திரமே. மொத்த உயரத்தில் இருநூறில் ஒரு பங்குகூட அது ஆகாது. பேச்சில் அடிபட்ட ஆறாயிரம் அடியோ, பின்னர் விமானிகள் பாங்கொக்கை நோக்கி முறைப்படி இறங்கிய இறக்கமாகும்.

அப்படியாயின் அத்தனை பேர் காயமுற்றது எவ்வாறு? விமானம் சட்டென்று கீழிறங்கியபோது, பட்டி பூட்டாதிருந்தோர் அதனோடு இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்து மேலெழுந்து கூரையில் மோதி, அடுத்த கணம் கீழே விழுந்தனர். பட்டியைப் பூட்டும்படி கூறும் விளக்கு எரிந்ததற்கும் அவ்வீழ்ச்சிக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ எட்டு விநாடிதான். எட்டு விநாடியில் விழித்தெழுந்து, பட்டியைத் தேடிப் பூட்ட எல்லோராலும் இயலுமா? விளக்கு எரிந்த பின் பூட்டுவோம் என்றிருப்பது போதாது. ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நேரமெல்லாம், உறங்கும்போதும், அது பூட்டியே இருத்தல் வேண்டும்.

சிறகு முறியுமா?

சன்னலோரம் அமர்ந்தவர் சிறகு மேலும் கீழும் வளைவதைக் கண்டு திகைப்பதுண்டு. வளைவதே அதன் பலம். காற்றில் மூங்கில் வளையாவிட்டால் முறிந்துவிடுமன்றோ? பறக்கும் காலத்தில் எதிர்பார்க்கத்தக்க மிகப் பெரிய பாரத்தை முதலிற் கணித்து, அதைவிட ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி சிறகைச் செய்ய வேண்டும் என்பது விதி. போயிங் 777 விமானத்தின் முதல் வகையை 1995ஆம் ஆண்டு ஜனவரியில் சோதித்தபோது, சிறகுகளின் நுனிகள் ஏறத்தாழ 24 அடி மேலே வளையும் வரை இழுத்தனர். அக்கணித்த பாரத்தில் 154 சதவீதத்தை எட்டிய பிறகே அவை முறிந்தன.

குலுக்கத்தினால் பெரிய விமானம் ஒருபோதும் விழுந்ததில்லையா என்று மாணவர் கேட்கலாம். விழுந்ததுண்டு. 1966ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி, ஜப்பானின் பூஜி மலையருகே எழுந்த கொடிய காற்றலையில் சிக்கிப் பிரித்தானிய விமானமொன்று சிதைந்து, 124 பேர் மாண்டனர். பலத்த காற்று வீசும்போது பெரிய மலைகளின் பின்புறத்தை எவ்வளவு விலகிக் கடக்க வேண்டும் என்பதை உலகம் இத்தகைய துயரங்களிலிருந்தே கற்றது.

ஏழு கன்னியர் மலையின் நினைவு

மலையகத்தார்க்கு விமானம் என்றதும் நினைவுக்கு வரும் துயரம் மற்றொன்று. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த விமானம் மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. மக்கா யாத்திரை செல்லவிருந்தோரும் பணியாளருமாக 191 பேரும் மாண்டனர். தேயிலைத் தோட்டங்களின் நடுவே நேர்ந்த அப்பேரிழப்பு, மலையகத்தில் இன்றும் பேசப்படுகின்றது. “ஆகாயத்திலே போவது ஆபத்து” என்று பாட்டிமார் கூறும்போது அவர்கள் நினைவில் நிற்பது பெரும்பாலும் இதுவே.

ஆனால், அதற்குக் காரணம் காற்றன்று. விமானிகள் தாம் இருந்த இடத்தைப் பிழையாகக் கணித்து, மலைகளின் மேல் இருக்கும்போதே தாழ இறங்கிவிட்டனர் என்று விசாரணை முடிவு கூறிற்று. அதற்கு மூன்று நாள் முன்னர், டிசெம்பர் 1ஆம் திகதி, அமெரிக்காவிலும் ஒரு விமானம் இவ்வாறே மலையில் மோதி, 92 பேர் மாண்டிருந்தனர். நிலம் அண்மிக்கும்போது உரத்த குரலில் எச்சரிக்கும் கருவியை விமானங்களிற் பொருத்த வேண்டும் என்னும் விதி அதன் பின்னரே அந்நாட்டில் பிறந்தது. பிற நாடுகளும் அதனை ஏற்றன. இன்றைய கருவியோ உலகின் மலைகளையெல்லாம் நினைவில் வைத்திருக்கின்றது.

விபத்தை எடைபோடும்போது தரையையும் மறத்தலாகாது. இலங்கையின் வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி கொத்மலைப் பகுதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுநாளும் நாம் பஸ் ஏறினோம். பழகிய ஆபத்து சிறிதாகவும், பழகாத ஆபத்து பெரிதாகவும் தோன்றுவது மனத்தின் இயல்பு.

கேட்கும் ஒலிகள்

அறியாத ஒலியே பாதிப் பயத்திற்குக் காரணம். விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரத்தின் ஓசை திடீரெனக் குறையும். கீழே அமிழ்வதுபோல் வயிறு உணரும். இயந்திரம் நின்றுவிடவில்லை. எழும்புவதற்கு வேண்டிய பெரும் பலம் இனித் தேவையில்லை என்று விசையைக் குறைக்கிறார்கள். அடியில் ‘தடால்’ என்று கேட்பது சக்கரங்கள் உள்ளே மடங்கும் ஓசை. இறங்கும்போது சிறகிலிருந்து கேட்கும் நெடிய இரைச்சல், அதன் மடல்கள் விரியும் ஓசை. அவ்வப்போது ஒலிக்கும் மணி, பெரும்பாலும் பணியாளர் ஒருவரையொருவர் அழைப்பதற்கே. தரையை நெருங்கிய விமானம் மீண்டும் மேலே கிளம்பினாலும் பதற வேண்டாம். ஓடுபாதையோ காற்றோ முற்றும் ஏற்றதாயில்லாதபோது இன்னொரு சுற்று வருவது விமானிகள் பயின்ற வழக்கமே.

நெஞ்சை அமைதிப்படுத்தும் வழிகள்

அச்சம் மிகும்போது நாம் அறியாமலே மூச்சு விரைகின்றது. அதனால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனிகள் மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும். இவற்றை உணர்ந்தவர் ‘எனக்கு ஏதோ ஆகிவிட்டது’ என்று மேலும் அஞ்சுகிறார். இவ்வட்டத்தை உடைக்க எளிய வழி மூச்சே. நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுக. ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தால் உடல் தணியும். தோளையும் கைகளையும் இறுகப் பிடித்துப் பின் தளர்த்துவதும் நன்று.

இருக்கையைத் தெரிந்தெடுக்க வாய்ப்புக் கிட்டினால் சிறகருகே அமர்க. கண்டிப் பஸ்ஸில் பின் ஆசனத்தார் தூக்கியெறியப்படும்போது நடு ஆசனத்தார் அமைதியாயிருப்பதைக் கண்டிருக்கிறோமல்லவா? இங்கும் அவ்வாறே. நிலம் சூடேறாத காலை வேளைப் பிரயாணம் பொதுவாகக் குலுக்கம் குறைந்தது. மதுவும் கடுங் கோப்பியும் பதற்றத்தைக் கூட்டுமேயன்றிக் குறையா. பிறர் கொடுக்கும் மாத்திரைகளை விழுங்குதல் கூடாது. மருந்து வேண்டுமாயின் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டறிக. நடந்து செல்லும்போது குலுங்கினால், அருகில் உள்ள வெற்றிடத்தில் அமர்க. இல்லையேல் தரையில் குந்தி ஆசனக் காலைப் பற்றிக்கொள்க.

அச்சத்தினால் பிரயாணத்தையே கைவிடும் நிலையிலுள்ளோர்க்கும் வழி உண்டு. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக அணுகப் பழக்கும் மனப்பயிற்சியை உளவைத்தியர் அளிக்கின்றனர். அதனால் தேறியவர் பலர். அவர்களை நாடுவதில் வெட்கமில்லை.

காது அடைப்பதற்கும் சொல்ல வேண்டும். இறங்கும்போது எதையேனும் மென்று விழுங்கினால் அடைப்பு நீங்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். பெரியவர்க்கு வரக்காப்பொலத் தலகுலியே போதுமே!

வழியனுப்புவோர்க்கு

வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் நம் பெண்கள் பலர்க்கு அதுவே முதல் விமானம். அவர்களுடைய அச்சத்தை ஊன்றி நோக்கினால், அது காற்றைப் பற்றியது மாத்திரமன்று என்பது புலனாகும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லும் துயரம், அறியாத வீடு, அறியாத மொழி, மீண்டு வரும் நாள் பற்றிய ஐயம் ஆகிய யாவும் அதனுள் சுருண்டு கிடக்கின்றன. வெளியே சொல்ல முடியாத இவையெல்லாம், விமானம் ஒருமுறை குலுங்கியதும் ஒன்றாய்த் திரண்டு எழுகின்றன. ஆகவே, “பயப்படாதே பிள்ளை” என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், எதற்கு அஞ்சுகிறாள் என்று கேளுங்கள். பிள்ளையின் படிப்பை யார் பார்ப்பது, மாதந்தோறும் எந்நாளில் பேசுவது என்பவற்றை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். நெஞ்சின் பாரம் பாதி அங்கேயே இறங்கும்.

மாணவர்களே, உங்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. மோட்டார் வண்டியின் பட்டியைப் பொத்தானை அமுக்கி விடுவிக்கிறோம். விமானத்தின் பட்டியையோ, கொளுவியின் மூடியை மேலே தூக்கி விடுவிக்க வேண்டும். இது தெரியாமையால் தவித்து, பின்னர் பூட்டவே அஞ்சுவோர் உண்டு. அம்மாவுக்கோ அக்காவுக்கோ சித்திக்கோ ஒரு படம் வரைந்து இதனைக் காட்டுங்கள். பட்டி வயிற்றின் மேலன்றி, இடுப்பெலும்போடு ஒட்டித் தாழ்ந்து இருக்க வேண்டும் என்றும், போர்வையைப் போர்த்தினால் பட்டி அதன் மேலே தெரிய வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள். அறிவிப்பின் மொழி விளங்காவிட்டாலும் தலைக்கு மேலே எரியும் பட்டியின் சித்திரம் விளங்கும் அல்லவா?

இனிப் பிரயாணம் செல்வோர்க்கு ஒரு வார்த்தை. பட்டியைப் பூட்டுக, மூச்சை நீளமாக விடுக, குலுக்கம் வந்தால் அது கடந்து போகும் என்று பொறுத்திருக்க. இறங்கியதும் மறவாமல் வீட்டுக்குச் செய்தி அனுப்புக. லயத்தில் விளக்கை அணைக்காமல் விழித்திருப்போரும் அதன் பின்னரே உறங்குவர்.